‘லீஸ்’ என்றால் எந்த லீஸ்?

உத்தமபாளையத்தில் வீடு தேடுகிறவர் ‘லீசுக்குக் கிடைக்குமா?’ என்று கேட்டால் ஒரு பதில் வரும். திராட்சைத் தோட்டம் தேடுகிறவர் அதே கேள்வியைக் கேட்டால் முற்றிலும் வேறொரு பதில் வரும். வீட்டு லீசில் மொத்தமாக ஒரு தொகையைக் கொடுத்துவிட்டுக் குடியேறுகிறோம். மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது கொடுத்த பணம் அப்படியே திரும்பி வரும். தோட்டத்து லீசில் கொடுத்த பணம் திரும்பவே திரும்பாது, ஏனென்றால் அது அந்த வருடத்து விளைச்சலை அனுபவிப்பதற்கான விலை. ஒன்றில் பணம் கடன், இன்னொன்றில் பணம் செலவு. இரண்டையும் ஒரே ஆங்கிலச் சொல்லால் சொல்லிப் பழகிவிட்டோம். முத்திரைத்தாளின் தலைப்பிலும் அதையே எழுதுகிறோம். தகராறு என்று வந்து வக்கீலிடம் போகும்போதுதான், எழுதியது எந்த லீஸ் என்ற கேள்வியே எழுகிறது.

இந்தச் சொல்லை நிதானமாகப் பார்ப்பதில் பலன் உண்டு. கம்பம் பள்ளத்தாக்கில் அன்றாடம் புழங்கும் ஆங்கிலச் சொற்களில் பணமும் நிலமும் அதிகம் சிக்கியிருப்பது இதில்தான்.

இங்கிலாந்தை நார்மானியர் பிடித்த பிறகு அந்நாட்டு நீதிமன்றங்களில் பல நூற்றாண்டுகள் பிரெஞ்சுதான் நடந்தது. அந்தச் சட்டப் பிரெஞ்சின் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த சொல் லீஸ். அதன் வேர் லத்தீன் ‘லக்ஸாரே’: தளர்த்து, இறுக்கத்தை விடு என்று பொருள். அந்த வேரிலிருந்து வந்தவை பலவும் நமக்குத் தெரிந்தவைதான். ‘ரிலாக்ஸ்’ அதிலிருந்து வந்தது. வெள்ளிக்கிழமை தியேட்டரில் ஆகும் ‘ரிலீஸ்’ அதிலிருந்து வந்தது. நாயைக் கட்டிப் பிடித்துக்கொண்டு போகும் வாருக்கு ஆங்கிலத்தில் ‘லீஷ்’ என்று பெயர், அதுவும் அதே குடும்பம்தான். நாயை ஓரளவு ஓட விடுவதும் கயிற்றைக் கையிலேயே வைத்திருப்பதும் அதில் சேர்ந்தே நடக்கின்றன.

லீஸின் உட்பொருளும் அதுதான். சொத்தைக் கைவிட்டுவிடுவதில்லை. பிடியைக் கொஞ்ச காலம் தளர்த்துகிறோம், அவ்வளவே. தமிழிலும் நாம் ‘விடு’ என்ற வினையைத்தான் வைத்திருக்கிறோம்: குத்தகைக்கு விடுவது, வாடகைக்கு விடுவது, ஒத்திக்கு விடுவது. வாங்கிக்கொள்கிறவர் ‘எடுக்கிறார்’. ஆங்கிலத்தில் ‘லீஸ்’ என்ற வினை இரண்டு பக்கமும் வெட்டும். ஒருவர் வீட்டை லீஸ் செய்தார் என்றால் கொடுத்தாரா, எடுத்தாரா என்பது அடுத்த வாக்கியத்தில்தான் தெரியும். அதனால்தான் அவர்கள் கொடுப்பவரை ‘லெஸ்ஸார்’, எடுப்பவரை ‘லெஸ்ஸீ’ என்று தனித்தனியாகப் பெயரிட வேண்டியிருந்தது. தமிழில் அந்தக் குழப்பமே இல்லை. ‘லீசுக்கு விட்டேன்’, ‘லீசுக்கு எடுத்தேன்’ என்று கடன் வாங்கிய சொல்லையும் நம் வினைகள் ஒழுங்குபடுத்திவிட்டன.

லீஸ் வருவதற்கு முன்பே நம்மிடம் இருந்த சொற்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு ஏற்பாட்டைக் குறித்தன. ‘குத்தகை’ என்பது குறிப்பிட்ட காலத்துக்கு, பேசி முடித்த தொகைக்கோ நெல்லுக்கோ நிலத்தை அனுபவிக்கக் கொடுப்பது. கன்னடத்தில் குத்திகெ, தெலுங்கில் குத்த என்று அக்கம்பக்கத்திலும் இதே சொல் உண்டு. மலையாளத்தில் ‘குத்தக’ என்றால் ஏகபோகம். நம் பேச்சிலும் அந்தச் சாயல் இருக்கிறது. ‘இந்தத் தெருவையே மொத்தமா குத்தகைக்கு எடுத்துட்டாரா?’ என்று கோபத்தில் கேட்பது அந்தப் பொருளில்தான். ‘வாரம்’ என்பது விளைந்ததில் பங்கு. விளைந்தாலும் விளையாவிட்டாலும் சொன்ன அளவைக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால் அது ‘கட்டுக்குத்தகை’. ‘பாட்டம்’ என்ற சொல் நம்மிடம் மங்கிவிட்டது, ஆனால் குமுளி தாண்டினால் மலையாளத்தில் இன்றும் குத்தகைக்கு அதுதான் பெயர். ‘ஒத்தி’ என்பது மதுரை, தேனிப் பக்கத்துச் சொல். சென்னைப் பக்கம் அதையே போக்கியம் என்பார்கள். இத்தனையையும் ஒரே ‘லீஸ்’ விழுங்கிவிட்டது. சொல் குறைந்ததோடு, எந்த ஏற்பாடு என்று பிரித்துச் சொல்லும் வழக்கமும் குறைந்தது.

சட்டம் லீஸ் என்று எதைச் சொல்கிறது? 1882-ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 105-ஆவது பிரிவு இதை வரையறுக்கிறது. அசையாச் சொத்தை அனுபவிக்கும் உரிமையை, ஒரு காலத்துக்கோ நிரந்தரமாகவோ, ஒரு பிரதிபலனுக்காக மாற்றிக் கொடுப்பது லீஸ். பிரதிபலன் பணமாக இருக்கலாம், விளைச்சலில் பங்காக இருக்கலாம், செய்யும் சேவையாகவும் இருக்கலாம். மொத்தமாக ஒரே தடவை கொடுப்பது ‘பிரீமியம்’, தவணை தவணையாகக் கொடுப்பது ‘வாடகை’. இரண்டுமே எடுத்தவர் கையிலிருந்து போய்விடும் பணம். இதை மனதில் வைத்துக்கொண்டு வீட்டு லீசைப் பார்த்தால் சிக்கல் புரியும்.

வீட்டு லீஸ் பத்திரங்களில் ஒரு வாசகம் தவறாமல் இருக்கும்: ‘வீட்டிற்கு வாடகையும் பணத்திற்கு வட்டியும் இல்லை.’ எவ்வளவு சுருக்கமான, எவ்வளவு நேர்மையான வாசகம். ஆனால் இந்த ஏற்பாட்டுக்குச் சட்டத்தில் உள்ள இடம் 105-ஆவது பிரிவு அல்ல, 58-ஆவது பிரிவு. கடன் கொடுத்தவரிடம் சொத்தைச் சுவாதீனத்தில் விட்டு, வட்டிக்குப் பதில் அதன் பலனை அனுபவிக்க விடுவதை அந்தப் பிரிவு அடமானத்தில் ஒரு வகையாகச் சொல்கிறது. அதுதான் நம் ஒத்தி. ஆகவே உத்தமபாளையத்தில் 5 லட்சம் கொடுத்து லீசுக்கு வீடு எடுத்தவர், சொல்லில்தான் குடியிருப்பவர். கணக்கில் அவர் வீட்டுக்காரருக்குக் கடன் கொடுத்தவர்.

இது ஏன் இரண்டு பேருக்கும் கட்டுப்படியாகிறது? ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 5 லட்சத்தை வங்கியில் 6 சதவீதத்துக்குப் போட்டால் வருடத்துக்கு 30,000, அதாவது மாதம் 2,500 ரூபாய் வரும். மாதம் 5,000 வாடகை போகும் வீட்டில் அந்தப் பணத்தைக் கொடுத்துக் குடியிருந்தால் எடுத்தவருக்கு லாபம். வீட்டுக்காரர் பக்கம் பாருங்கள். மகள் கல்யாணத்துக்கோ கடைச் சரக்குக்கோ அவருக்கு 5 லட்சம் தேவை. வெளியே ரெண்டு வட்டிக்கு வாங்கினால் மாதம் 10,000 கட்ட வேண்டும். ஒத்திக்கு விட்டால் அவர் இழப்பது 5,000 வாடகை மட்டும். அவருக்கும் லாபம்தான். நடுவில் வங்கியும் இல்லை, வட்டிக்காரரும் இல்லை. வட்டி வாங்கவோ கொடுக்கவோ மனமில்லாத குடும்பங்கள் பலவும் இந்த வழியை நாடுகின்றன. நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன்.

ஆனால் இதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பணம் தேவைப்பட்டவர்தான் வீட்டை ஒத்திக்கு விடுகிறார். வருடம் முடிந்ததும் அந்தப் பணத்தை எங்கிருந்து திருப்புவார்? பெரும்பாலும் அடுத்த ஒத்திக்காரரிடம் வாங்கித்தான். அடுத்த ஆள் கிடைக்காவிட்டால் இருப்பவர் காலி செய்யவும் முடியாது, பணத்தை வாங்கவும் முடியாது. அதைவிட மோசமானது, வீடு ஏற்கெனவே வங்கியில் அடமானத்தில் இருப்பது. தவணை கட்டாமல் போய் வங்கி வீட்டை ஏலத்துக்குக் கொண்டுவந்தால், பதிவு செய்யாத ஒரு முத்திரைத்தாளை வைத்திருப்பவரின் பேச்சு எடுபடுவது கடினம். முன்னால் நிற்பது வங்கியின் அடமானம். ‘லீஸ்தானே, வாடகை மாதிரிதானே’ என்று நினைத்ததால் வில்லங்கம் பார்க்காமல் பணத்தைக் கொடுத்தவர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்கிறார்கள். கடன் கொடுக்கிறோம் என்று தெரிந்திருந்தால் நிச்சயம் பார்த்திருப்பார்கள்.

மறுபக்கம், சொத்துக்காரருக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. ஒத்தி வைத்து எத்தனை வருடம் ஆனாலும், ‘காலம் கடந்துவிட்டது, இனி வீடு எனக்குத்தான்’ என்று ஒத்திக்காரர் சொல்ல முடியாது. பணத்தைக் கொடுத்து மீட்கும் உரிமை வெறுமனே வருடங்கள் ஓடியதால் அழியாது என்று உச்ச நீதிமன்றம் 2014-இல் தெளிவாகச் சொன்னது. தாத்தா காலத்து ஒத்திப் பத்திரம் பெட்டியில் கிடந்தால் அதைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள்.

தலைப்பில் என்ன எழுதியிருக்கிறது என்பதை நீதிமன்றம் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உள்ளே நடந்திருப்பது என்ன என்பதைத்தான் பார்க்கும். இதற்கு எல்லோரும் காட்டும் வழக்கு 1959-இல் தீர்ந்தது. டெல்லி இம்பீரியல் ஓட்டலில் ஆர்.என்.கபூர் என்பவர் சிகை அலங்காரக் கடை நடத்தினார். ஓட்டலோடு போட்ட ஒப்பந்தத்துக்கு ‘லைசென்ஸ்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். ஆனால் அந்த அறைகள் முழுக்க அவர் சுவாதீனத்தில் இருந்ததால் அது லீஸ்தான் என்றது உச்ச நீதிமன்றம். இடத்தின் மேலேயே உரிமை மாறினால் லீஸ். வந்து ஒரு காரியத்தைச் செய்துவிட்டுப் போக அனுமதி மட்டும் என்றால் லைசென்ஸ். ஒருவர் தென்னந்தோப்பில் காய் மட்டும் வெட்டிக்கொள்ள பணம் கட்டுகிறார். இன்னொருவர் கண்மாயில் மீன் பிடிக்க மட்டும் ஏலம் எடுக்கிறார். பேச்சில் இவையும் குத்தகைதான், லீஸ்தான். ஆனால் தோப்புக்குள் வந்து காய் வெட்டுகிறவர் ஊடுபயிராக வாழை வைக்க முடியாது. மீன் எடுத்தவர் தண்ணீரைத் திறந்துவிட முடியாது. அவர்களுக்குக் கிடைத்தது காயும் மீனும், தோப்போ கண்மாயோ அல்ல.

இனி திராட்சைக்கு வருவோம். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. சுருளிப்பட்டி, நாராயணத்தேவன்பட்டி, காமயகவுண்டன்பட்டி, ஆனைமலையன்பட்டி, ராயப்பன்பட்டி என்று உத்தமபாளையத்தைச் சுற்றியுள்ள ஊர்களில் கல்தூண் நட்டு, கம்பி இழுத்து, பந்தல் போட்டு வளர்க்கிறார்கள். கவாத்து செய்ததிலிருந்து ஏறத்தாழ நான்கு மாதத்தில் பழம் அறுவடைக்கு வரும். வருடத்தின் எந்த மாதத்திலும் இந்தப் பள்ளத்தாக்கில் எங்காவது ஒரு பந்தலில் பழம் இருக்கும். இந்தப் பயிரின் சிறப்பு அது. பந்தலை லீசுக்கு விடும்போது வரும் சிக்கலுக்கும் அதுவே காரணம்.

நெல் வயலில் அறுப்பு முடிந்தால் வெற்று நிலம் மிஞ்சும். திரும்பக் கொடுத்துவிட்டுப் போகலாம். பந்தலில் கொடி மிஞ்சுகிறது, அதற்கு இன்னும் பல வருட ஆயுள் இருக்கிறது. லீஸ் ‘ஒரு வருடம்’ என்று தேதியை மட்டும் வைத்து எழுதினால், முடியும் நாள் காய் பாதி முற்றிய நேரத்தில் வந்து நிற்கும். மருந்தடித்து, கூலி கொடுத்து வளர்த்த பழம் யாருடையது? எடுத்தவர் என்னுடையது என்பார், நாள் முடிந்துவிட்டது என்பார் தோட்டக்காரர். இருவர் பக்கமும் நியாயம் இருக்கும். அதனால் அனுபவம் உள்ளவர்கள் தேதியோடு அறுவடையையும் சேர்த்து எழுதுகிறார்கள்: இத்தனை அறுவடை, கடைசி அறுவடை முடிந்து அடுத்த கவாத்துக்கு முன்பு ஒப்படைக்க வேண்டும் என்று.

இன்னொன்றும் உண்டு. லீஸ் முடியப் போகிற கடைசி அறுவடையில் எடுத்தவருக்குக் கொடியின் எதிர்காலத்தைப் பற்றிக் கவலை இருக்காது. தொழு உரம் போட மாட்டார், தாங்காத அளவுக்குக் குலையை விட்டுக் காய்க்க வைப்பார். அடுத்த வருடம் கொடி ஓய்ந்து போகும். கெட்ட எண்ணம் என்று இதைச் சொல்ல மாட்டேன். குறுகிய கால லீஸ் எங்கும் இப்படித்தான் மனிதர்களை நடக்க வைக்கிறது. வருடத்துக்கு வருடம் ஆள் மாற்றுவதைவிட மூன்று, ஐந்து வருடம் ஒருவரிடமே விடுவது நிலத்துக்கு நல்லது என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் நீண்ட காலத்துக்கு எழுதிக் கொடுக்க நிலத்துக்காரர்கள் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்துக்கும் காரணம் உண்டு. 1955-ஆம் ஆண்டு சாகுபடிக் குத்தகைதாரர் பாதுகாப்புச் சட்டம், தானோ தன் குடும்பத்தாரோ உடலுழைப்புப் போட்டுச் சாகுபடி செய்யும் குத்தகைதாரரை நினைத்த நேரத்தில் வெளியேற்றுவதைத் தடுத்தது. அடுத்த வருடமே நியாய வாரச் சட்டம் வந்தது. 1969-இல் குத்தகை உரிமையைப் பதிவேட்டில் ஏற்றுவதற்கும் ஒரு சட்டம் வந்தது. நிலமில்லாத உழவருக்கு இவை பெரிய காப்பு. இவை வராமல் இருந்திருந்தால் எத்தனையோ குடும்பங்கள் வரப்பை விட்டே போயிருக்கும். அதே சமயம், ‘பெயர் ஏறிவிட்டால் நிலம் திரும்பாது’ என்ற அச்சத்தில் எழுத்தே இல்லாமல் வாய்ப்பேச்சாக விடும் வழக்கமும் வளர்ந்தது. அதன் நஷ்டம் உழுபவருக்குத்தான். சிட்டா நிலத்துக்காரர் பெயரில் இருக்கும். கூட்டுறவுச் சங்கத்தில் பயிர்க்கடன் கேட்டால் காகிதம் கேட்பார்கள். ஆண்டுக்கு 6,000 ரூபாய் வரும் பிரதமரின் கிசான் நிதி நிலம் வைத்திருப்பவருக்கே போகும், குத்தகைக்கு எடுத்தவருக்குக் கிடையாது. மழையில் பயிர் அழிந்து நிவாரணம் அறிவித்தாலும், கிராம நிர்வாக அலுவலரின் அடங்கலில் சாகுபடி செய்பவர் பெயர் இல்லையென்றால் பணம் யார் கணக்குக்குப் போகும் என்பது சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கோயில் நிலம் என்றால் இன்னொரு விதியும் சேர்ந்துகொள்ளும். 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின்படி ஐந்து வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைக்கு ஆணையரின் அனுமதி வேண்டும். அனுமதி இல்லாமல் எழுதியது செல்லாது.

உத்தமபாளையத்துக்காரர் ஒவ்வொருவரின் வாழ்வையும் தொடும் மிகப் பெரிய லீஸ் ஒன்று உண்டு. 1886 அக்டோபர் 29 அன்று கையெழுத்தான பெரியாறு குத்தகை ஒப்பந்தம் அது. திருவிதாங்கூர் சார்பில் திவான் ராமய்யங்காரும், பிரிட்டிஷ் இந்தியாவின் சார்பில் ரெசிடெண்ட் ஹானிங்டனும் கையெழுத்திட்டார்கள். காலம் 999 வருடம், அந்த ஆண்டின் ஜனவரி 1 முதல் கணக்கு. நிலம் 8,000 ஏக்கர், அதோடு வேலைகளுக்காக 100 ஏக்கர் வரை. வாடகை ஏக்கருக்கு ஆண்டுக்கு 5 ரூபாய், அதாவது 8,000 ஏக்கருக்கு 40,000 ரூபாய். அடுத்த ஆண்டு பொறியாளர் பென்னிகுயிக் தலைமையில் முல்லைப் பெரியாறு அணை வேலை தொடங்கியது. 1895 அக்டோபரில் தண்ணீர் மலையைக் குடைந்த சுரங்கம் வழியாகக் கிழக்கே வந்தது. இன்று கம்பம் பள்ளத்தாக்கில் இருபோகம் நெல் விளையும் 14,707 ஏக்கரில் 11,807 ஏக்கர் உத்தமபாளையம் வட்டத்தில்தான் இருக்கிறது. ஜூன் மாதம் முதல் போகத்துக்கு மதகு திறக்கும்போது வரும் தண்ணீர், ஒரு லீஸ் பத்திரத்தின் பலத்தில் வருகிறது.

லீஸ் என்றால் என்ன என்பதை விளக்க இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியவில்லை. மண் திருவிதாங்கூரின் மண், இன்று கேரளத்தின் மண். நாம் எடுத்தது அனுபவிக்கும் உரிமை. எதற்காக எடுத்தோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதையும் இதே ஒப்பந்தம் காட்டியது. 1930-களில் சென்னை அரசு அந்தத் தண்ணீரில் மின்சாரம் எடுக்க நினைத்தது. பாசனத்துக்கு என்று வாங்கிய தண்ணீரை மின்சாரத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்றது திருவிதாங்கூர். இரு தரப்பும் வைத்த நடுவர்கள் ஒத்துப்போகவில்லை. விஷயம் இறுதி முடிவு சொல்லும் நடுவரான நளினி ரஞ்சன் சட்டர்ஜியிடம் போனது. 1941 மே 12 அன்று அவர் தீர்ப்புச் சொன்னார்: பாசனத்துக்கு மட்டுமே. தண்ணீர் எப்படியும் மலையிலிருந்து விழத்தான் போகிறது, அந்த விழுகையைப் பயன்படுத்தினால் என்ன குறைந்துவிடும் என்று நமக்குத் தோன்றலாம். லீசில் அந்தக் கேள்விக்கு இடமில்லை. சொத்து மாற்றுச் சட்டமும் இதையே சொல்கிறது: எதற்காக எடுத்தாரோ அதற்கு மாறாக லெஸ்ஸீ பயன்படுத்தக் கூடாது. குடியிருக்க எடுத்த வீட்டின் முன்னறையில் மாவு மில் வைக்க முடியாததும் இதே விதியால்தான்.

லோயர் கேம்ப் மின் நிலையம் 1950-களின் கடைசியில் வந்தது. அதற்கான ஒப்பந்தம் 1970 மே 29 அன்று முறையாகக் கையெழுத்தானது. நில வாடகை ஏக்கருக்கு 30 ரூபாய் ஆயிற்று, எடுக்கும் மின்சாரத்துக்குத் தனிக் கட்டணம் வந்தது, நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கும் உரிமை கேரளத்துக்குத் திரும்பியது. எடுத்தவருக்குப் புதிய பயன்பாடு வேண்டுமென்றால் கொடுத்தவர் ஏதாவது கேட்பார். இரண்டு அரசுகளானாலும் இரண்டு பங்காளிகளானாலும் அது அப்படித்தான். சுதந்திரத்தோடு அந்தப் பழைய லீஸ் காலாவதி ஆகிவிட்டது என்ற வாதத்தை 2014 மே 7 தீர்ப்பில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு ஏற்கவில்லை. 1886 ஒப்பந்தம் செல்லும் என்றது. மலையாளத்தில் இதைப் ‘பாட்டக் கரார்’ என்கிறார்கள்.

999 வருடம் என்பது பலருக்கு வியப்பாக இருக்கிறது. ஆங்கிலேயச் சட்டத்தில் அது பழைய வழக்கம்தான். அதையும் மிஞ்சியவர் டப்ளினில் மதுபான ஆலை தொடங்கிய ஆர்தர் கின்னஸ். 1759-இல் அந்த இடத்தை ஆண்டுக்கு 45 பவுண்டுக்கு 9,000 வருட லீசில் எடுத்தார், பிறகு கம்பெனி நிலத்தையே வாங்கிவிட்டது. ஹாங்காங்கின் வடக்குப் பகுதியை பிரிட்டன் 1898-இல் 99 வருடத்துக்கு எடுத்தது, 1997-இல் நாள் முடிந்தபோது ஊர் முழுவதுமே சீனாவுக்குத் திரும்பியது. 2017-இல் இலங்கை அம்பாந்தோட்டைத் துறைமுகத்தைச் சீன நிறுவனத்துக்கு 99 வருட லீசில் விட்டபோது, அது லீஸா விற்பனையா என்று அங்கே பெரிய விவாதம் நடந்தது. காலம் நீள நீள இந்த இரண்டுக்கும் இடையில் உள்ள கோடு தேய்கிறது என்பது உண்மைதான்.

மண்ணோடு சம்பந்தமில்லாத இடங்களுக்கும் இந்தச் சொல் போய்விட்டது. நிறுவனங்கள் தமக்கென்று தனியாக எடுக்கும் இணைய இணைப்பு ‘லீஸ்டு லைன்’. உங்கள் வீட்டு வைஃபையில் போன் இணையும்போது, அந்தப் பெட்டி போனுக்கு ஒரு முகவரியைக் குறிப்பிட்ட நேரத்துக்கு மட்டும் கொடுக்கிறது. அந்த நேரத்துக்கும் ‘லீஸ்’ என்றுதான் பெயர். நேரம் முடிந்தால் புதுப்பிக்க வேண்டும், இல்லையென்றால் அந்த முகவரி வேறு போனுக்குப் போகும். தோற்றுக்கொண்டிருந்த அணிக்கோ மூடப்படவிருந்த ஆலைக்கோ மறுவாழ்வு கிடைத்தால் ஆங்கிலப் பத்திரிகைகள் ‘நியூ லீஸ் ஆஃப் லைஃப்’ என்று எழுதுகின்றன. தமிழில் அதை அப்படியே மொழிபெயர்க்கத் தேவையில்லை. ‘மறுபிறவி’ என்று நமக்கு ஒரு சொல் இருக்கிறது.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டியதைப் பார்க்கலாம். ‘அண்ணே, இது ஒத்தியா, குத்தகையா?’ என்று வெளிப்படையாகக் கேட்டுவிடுங்கள். அதில் கூச்சப்பட ஒன்றுமில்லை. பணம் திரும்பி வரும் ஏற்பாடு என்றால் பத்திரத்திலும் ஒத்தி என்றே எழுதச் சொல்லுங்கள். கொடுப்பதற்கு முன் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று எடுத்துப் பாருங்கள். ஆன்லைனிலும் பார்க்கலாம். வீட்டின் மூலப்பத்திரம் எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். வங்கியில் இருக்கிறது என்றால் யோசிக்க வேண்டும்.

வாடகைக்கு 11 மாதம் என்று எழுதும் வழக்கம் எதனால் வந்தது என்று பலர் கேட்பதுண்டு. ஒரு வருடத்துக்கு மேற்பட்ட லீஸைக் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்று 1908-ஆம் ஆண்டு பதிவுச் சட்டம் சொல்கிறது. அதைத் தவிர்க்கத்தான் ஒரு மாதத்தைக் குறைத்தார்கள். ஆனால் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறைக்கு வந்த தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில், 11 மாதமானாலும் வாடகை ஒப்பந்தத்தை எழுத்தில் போட்டு வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும் என்று இருக்கிறது. பழைய தந்திரம் இனி முழுதாகக் காப்பாற்றாது.

தோட்டம் என்றால் எத்தனை அறுவடை, கிணற்றுத் தண்ணீர் யாருக்கு எத்தனை நாள், மோட்டார் காயில் எரிந்தால் யார் செலவு, சாய்ந்த கல்தூணையும் அறுந்த கம்பியையும் யார் சரிசெய்வது, நிவாரணம் வந்தால் யாருக்கு என்று ஒவ்வொன்றையும் எழுதிவிட வேண்டும். முகம் பார்த்துப் பேசிக்கொள்ளலாம் என்று விட்டவைதான் பிறகு பேச முடியாத விஷயங்களாகின்றன.

கடைசியாக, ஒத்தி முடியும்போது செய்ய வேண்டிய ஒன்றைப் பலரும் மறந்துவிடுகிறார்கள். பதிவு செய்த ஒத்தி என்றால், பணத்தைத் திருப்பிக் கொடுத்துப் பழைய பத்திரத்தைக் கையில் வாங்கினால் மட்டும் போதாது. பணம் பெற்றுக்கொண்டதற்கான ரசீது ஆவணத்தையும் அதே சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிய வேண்டும். அதைச் செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அந்த ஒத்தி அப்படியே நிற்கும். பத்து வருடம் கழித்து வீட்டை விற்கப் போகும்போது, ஒத்திக்காரரையோ அவருடைய வாரிசுகளையோ தேடிக் கண்டுபிடித்துக் கையெழுத்து வாங்கிவர வேண்டியிருக்கும்.